அநுராதபுரத்துக்குத் துவிச்சக்கரவண்டியில்

(எமது மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



மன்றத்தின் வருடாந்தச் சுற்றுலாவுக்கு எங்கே செல்வது என்னும் வினா எழுந்திருக்கின்ற இவ்வேளையில், துவிச்சக்கரவண்டிப் பிரயாணத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். ஒரு பஸ்வண்டியை வாடகைக்கு அமர்த்தி, விடியற்புறம் ஏறி, பாட்டுப் பெட்டியை முழக்கி, இரண்டு நாளில் ஏழு தலங்களைக் கண்டு, எந்தத் தலம் எந்த ஊரில் இருந்தது என்பதை மறந்து வீடு திரும்புவது ஒரு முறை. அதனை இகழ நாங்கள் வரவில்லை. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதுவே தக்கது. ஆயின் வாலிபருக்கு வேறொரு முறை உண்டு. பல்கலைக்கழக விடுமுறையில் நாங்கள் அறுவர் இவ்வூரிலிருந்து அநுராதபுரத்துக்குச் சைக்கிளிற் சென்று, அந்நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் நான்கு நாள் சுற்றி மீண்டோம். அறுவருள் இருவர் பெண்கள் என்பதையும் இப்பொழுதே சொல்லிவிடுகிறோம்; கூட்டம் முடிந்தபின் தனியே கேட்கவேண்டியதில்லை.

புறப்படுமுன் பெரியவர்கள் பலர், “அங்கே போய் என்ன காணப் போகிறீர்கள் பிள்ளைகள்?” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிற் பொருளுண்டு. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அந்நகரத்துத் தமிழர் பட்டதை அவர்கள் மறக்கவில்லை. 1985 மே 14இல் அந்நகரத்துத் தெருவிலும் போதிமரத்து அருகிலும் நிராயுதபாணிகளான சிங்கள மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்நகரத்தாரும் மறக்கவில்லை. 2009இல் நமதூரைச் சூழ நடந்ததை இந்தச் சபையில் எடுத்துரைக்க வேண்டுமா? இவ்வளவையும் அறிந்தே போனோம். அறிந்தவர்கள் போகாதிருந்தால், அறியாதவர்கள் சொல்வதே சரித்திரமாக நிலைத்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் படித்த மிஷன் பாடசாலையில் யோர்தான் நதியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவோம். ஆயின் நமது வன்னிக்கு நீர்தரும் அருவியாறு எங்கே பிறக்கிறது என்று எவரும் வினாவியதில்லை. அது ரிட்டிகல மலைப்பக்கத்திற் பிறந்து, மல்வத்து ஓயா என்னும் பெயருடன் அநுராதபுரத்தின் கிழக்கு ஓரத்தைத் தழுவி, வடமேற்கே திரும்பி, அருவியாறு என்று பெயர் மாறி, அரிப்புக்கு அண்மையில் மன்னார்க் கடலிற் கலக்கிறது. நீளம் 164 கிலோமீற்றர். இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு இதுவே. மன்னாரிலே தேக்கம் என்னுமிடத்துப் பழைய கல்லணையால் இந்த ஆற்றைத் திருப்பியே கட்டுக்கரைக்குளத்துக்கு நீர் கொண்டுபோகிறார்கள். அநுராதபுரத்தார் கைகழுவிய நீரில் மன்னார்த் தமிழன் நெல் விளைவிக்கிறான் என்று எங்களில் ஒருவர் சொன்னார். பரிகாசமாகச் சொன்னாலும் பொய்யன்று.

இனி வழி. ஊற்றங்கரைப் பிள்ளையாரை வணங்கி அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டோம். மாங்குளம் வழியாகச் சென்றால் கண்டி வீதியின் லொறிகளோடு நெடுந்தூரம் போட்டியிடவேண்டும். ஆதலால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் என்னும் பாதையே நல்லது. பின்னர் ஓமந்தை, வவுனியா, மதவாச்சி, றம்பாவ. அங்கிருந்து வலப்புறம் திரும்பினால் அநுராதபுரம். ஏறத்தாழ 120 கிலோமீற்றர். ஒரே நாளிற் போகலாம் என்று சொல்வோர் உளர், போகட்டும். நாங்கள் வவுனியாவில் ஓரிரவு தங்கினோம். நெடுங்கேணிக் காட்டுப் பாதையிற் பொழுது சாய்ந்தபின் சைக்கிளில் இருத்தல் ஆகாது, யானை வரும். வன்னிக்குள் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் வீதியைவிட்டு ஓரடியும் இறங்கலாகாது.

காலத்தையும் பார்க்கவேண்டும். மாரியிற் பாதை வெள்ளம். ஆனி, ஆடியிற் கச்சான் காற்று நேர்முகத்தில் வந்து மோதும். மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். (திரும்பும்போது அதே காற்று வீட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு வரும் என்பது வேறு விஷயம்.) பொசன் பௌர்ணமியில் நகரிற் கால் வைக்க இடமிராது. தையும் மாசியுமே உத்தமம்.

நகருக்குள் முதல்நாட் சுற்றைத் தெற்கிலிருந்து தொடங்குதல் நன்று. இசுருமுனியா, திசாவாவி அணைக்கட்டு, பின்னர் அபயவாவி என்னும் பசவக்குளத்து அணைக்கட்டு. அணைக்கட்டின்மேற் சைக்கிளோட்டும்போது ஒரு கைப்பக்கம் நீரும் மறு கைப்பக்கம் வயலும் தூபிகளும் தோன்றும். அங்கிருந்து துட்டகைமுனு கட்டிய றுவன்வெலிசாயவுக்கும், 122 மீற்றர் உயரத்துக்கு எழுப்பப்பட்டிருந்த ஜேதவனத்துக்கும் செல்லலாம். புனித எல்லைகளில் இறங்கி நடக்கவேண்டும். செருப்பையும் தொப்பியையும் கழற்றவேண்டும். நமது கோயிலில் நாம் எதிர்பார்ப்பதும் அதுதானே.

தென்பகுதியில் ஒரு பெரிய செங்கல் மேடு உண்டு. எல்லாளனுடைய சமாதி என்று நெடுங்காலம் காட்டப்பட்டு வந்தது. அது தக்கிண தூபி என்று பரணவிதான கூறிய பின்னர் அந்த எண்ணம் மாறிற்று. எதுவாயினும், சோழநாட்டிலிருந்து வந்த எல்லாளன் 44 ஆண்டு நடுநிலை தவறாது ஆண்டான் என்றும், அவனை வென்ற துட்டகைமுனுவே அவனுக்குச் சமாதி எழுப்பி, அவ்விடத்தைக் கடப்போர் வாத்திய ஓசையை நிறுத்தவேண்டும் என ஆணையிட்டான் என்றும் எழுதி வைத்தது மகாவம்சம். தமிழ்ப் புலவர் எழுதியதன்று, பிக்குமார் எழுதியது. நாங்கள் சைக்கிளை விட்டிறங்கி, மணியும் அடியாமல் உருட்டிக்கொண்டு கடந்தோம்.

வடக்கே அபயகிரிப் பக்கம் போகும் பாதை மரநிழல் மிக்கது. சமாதி புத்தர் சிலையையும், 40 மீற்றரும் 28 மீற்றரும் நீளமான இரட்டைத் தடாகங்களையும் எல்லோரும் காண்பர். பஸ்ஸில் வருவோர் பெரும்பாலும் காணாதது, அபயகிரிக்கு அண்மையில் உள்ள ஒரு பாறை. அதிலே தமிழ் இல்லறத்தாரின் மண்டபம் என்று பிராமி எழுத்தில், கிறிஸ்துவுக்கு முன்னரே பொறித்திருக்கிறார்கள். அவரவர் ஆசனத்தில் அவரவர் பெயரும் உண்டு. அவர்களுள் ஒருவன் நாவிகன், கப்பலோட்டி. நகரின் வடபுறத்திற் சிவன்கோயில்களின் அத்திபாரங்களும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெல் என்பார் அகழ்ந்தவை. இவற்றைக் கண்டு, “நகரமே எங்களுடையது” என்று முழங்க எங்களில் ஒருவருக்கு ஆசை வந்தது. பாறை சொல்வது அவ்வளவன்று. இங்கே தமிழரும் தமக்கென ஆசனமிட்டு அமர்ந்திருந்தார்கள் என்பதே அது சொல்வது. அதைக் குறைத்துச் சொல்வதும் தவறு, கூட்டிச் சொல்வதும் தவறு.

மறுநாள் நுவரவாவி ஓரமாகக் கிழக்கே 13 கிலோமீற்றர் சென்று மிகிந்தலை ஏறினோம். அதுபற்றி அறியாதார் இலர், விட்டுவிடுகிறோம்.

மூன்றாம் நாட் பாதையே எங்கள் மனத்தில் நிற்பது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் காலவாவியைக் கட்டி, அதன் நீரை ஏறக்குறைய 87 கிலோமீற்றர் நீளமான ஜயகங்கை வாய்க்கால் வழியே திசாவாவிக்குக் கொண்டுவந்தான். அதன் முதற் பதினேழு மைலில், மைலுக்கு 6 அங்குலமே சரிவு. எந்தக் கருவியைக் கொண்டு அளந்தார்களோ! அக்கரை ஓரமாக மண்பாதையிற் போகும்போது ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை; மிதி ஒரே சீராக இருக்கும். மோட்டார் வண்டியிற் போகிறவனுக்கு இது தெரியாது. சைக்கிள்காரனுக்கு முழங்கால் சொல்லும். தாதுசேனனின் செல்வம் எங்கே என்று மகன் காசியப்பன் அதட்டியபோது, அவன் காலவாவி நீரைக் கையில் அள்ளி, தன் செல்வமெல்லாம் இதுவே என்று காட்டினானாம். முத்தையன்கட்டு நீரால் உண்பவர்களுக்கு இக்கதையை விளக்கவேண்டியதில்லை.

அவ்வழியில் முள்ளுக் குத்தி ரியூப் ஒன்று போயிற்று. ஒரு சிறு கிராமத்தில் ஒட்டுப்போடும் கிழவர் ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் சிங்களமோ நாலு சொல். எங்கிருந்து வருகிறோம் என்றார். முல்லைத்தீவு என்றோம். ரியூப்பை நீரில் அமிழ்த்திக் குமிழி பார்த்தபடியே சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் உள்ளே குரல்கொடுத்துத் தேநீர் வருவித்தார். ஒட்டுக்குரிய காசை முழுமையாகவே வாங்கினார். அது எங்களுக்குப் பிடித்தது.

இந்து வாலிபர் அறியவேண்டிய இன்னொன்று. 1897 ஜனவரியிற் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் போகும் வழியில் இந்நகரிற் பேசினார். தம்புள்ளைக்கு அப்பால் அவர் ஏறிய குதிரைவண்டியின் சில்லு உடைந்து, நெடுநேரம் தாமதித்தே வந்து சேர்ந்தார். அவர் பேசுகையிற் பௌத்தர் கூட்டமொன்று பறையும் தகரமும் அடித்துக் குழப்பிற்று. அவரோ இந்துக்களை அமைதி காக்கச் சொன்னார். பின்னர் நாங்கள் மிதித்த வவுனியாத் திசையிலேயே வடக்கே போனார்.

எங்கள் மூத்தோருக்குச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல நாங்கள் யார்? பெற்றோல் வராத தொண்ணூறுகளில் நெல்மூடையும் நோயாளியும் சைக்கிளிலேதான் போயின. 2009இல் அச்சைக்கிள்கள் குவியல் குவியலாகத் தெருவோரத்திற் கிடந்தன. நீங்கள் வேறு வழியின்றி மிதித்ததை நாங்கள் விரும்பி மிதிக்கக் கேட்கிறோம், அவ்வளவே.

வரும் மாசியில், ஆற்றின் போக்கிலேயே வடமேற்கே தந்திரிமலைக்கும், அங்கிருந்து தேக்கத்துக்கும் அரிப்புக்கும் போக எண்ணியிருக்கிறோம். பழைய லுமாலா போதும். ஆறு கியர் வேண்டியதில்லை. இரண்டு ரியூப், ஒட்டுச் சாமான், ஒரு பம், மழைத்துணி, தண்ணீர்ப் போத்தல். அவ்வளவு தூரம் மிதிக்க இயலாதவர்கள் அநுராதபுரம்வரை பஸ்ஸில் வந்து, விடுதிகளில் வாடகைச் சைக்கிள் எடுக்கலாம். வர விரும்புவோர் தைப்பொங்கலுக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பெண்பிள்ளைகளின் பெயரைத் தாய்மார் கொடுத்தாலும் ஏற்போம்.