கருக்கலில் ஒரு தூண்டில்



குன்னூர், கோத்தகிரி பக்கத்து இளைஞர்கள் சிலர் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். "அண்ணா, எமரால்டுல ராத்திரி தூண்டில் போடலாமா? எந்த ராடு வாங்கணும்?" வெளிநாட்டுக்காரர்கள் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, விடிய விடிய உட்கார்ந்து பெரிய பெரிய கெண்டைகளைத் தூக்குவதைச் செல்பேசியில் பார்த்துவிட்டு வருகிற கேள்வி இது. ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த ஏரிக்கரையில் யானை வராது. இங்கே வரும்.

முதலில் நம் தண்ணீரில் இருக்கிற மீன் எது என்று பார்ப்போம். இந்த நீலகிரி மலையில் தூண்டில்காரர்கள் தேடிப் போகிற மீன் பெரும்பாலும் வந்தேறி மீன். மெட்ராஸில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர், 1860-களிலேயே டிரவுட் மீனை இங்கே கொண்டுவர முயன்றார். குளிர்நாட்டு முட்டை கப்பலில் வெப்பக் கடலைத் தாண்டி, மாட்டுவண்டியில் மலையேறி உயிரோடு வந்து சேர வேண்டும். சேரவில்லை. நாற்பது ஆண்டு கழித்து எச்.சி. வில்சன் என்ற மீன்வள நிபுணர் அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் அமைத்தார். இலங்கையிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வானவில் டிரவுட் முட்டை வந்தது. இந்த முறை குஞ்சு பொரித்தது, ஓடைகளில் நிலைத்தது. 1939-இல் கண்ணாடிக் கெண்டையும் இலங்கையிலிருந்தே ஊட்டிக்கு வந்தது. உடம்பில் அங்கங்கே மட்டும் கண்ணாடிச் சில்லு பதித்த மாதிரி பெரிய செதில் இருக்குமே, அதுதான்.  

டிரவுட்டும் கெண்டையும் இருட்டை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. டிரவுட் கண்ணை நம்பி இரை தேடுகிற மீன். தண்ணீரின் வெப்பம் இருபது டிகிரியைத் தாண்டினால் அதற்கு மந்தம் வந்துவிடும். அதனால் வெயில் காலத்தில் நடுப்பகல் முழுக்க ஆழத்தில் பதுங்கியிருந்து, பொழுது சாயும்போது பூச்சி பறக்கிற நேரத்தில் மேலே வரும். அந்த மசங்கல் முக்கால் மணி நேரம் நீடித்தால் பெரிது. நன்றாக இருட்டிவிட்டால் அதற்காக நிற்பது பெரும்பாலும் வீண்தான்.

கெண்டைக்குக் கண் இரண்டாம் பட்சம். வாயோரத்து மீசையால் சேற்றைத் தடவி, வாசனையும் ருசியும் பார்த்து மேய்கிற ஜீவன் அது. உடம்பின் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். தண்ணீர் லேசாக அதிர்ந்தாலும் அதற்கு அந்தக் கோட்டில் தெரிந்துவிடும். கரையில் நீங்கள் பூட்ஸ் காலை ஓங்கி வைத்தால், நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்களைக் கேட்டுவிடும். பகலில் ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சி உள்ளே இருக்கிற பெரிய கெண்டை, இருட்டத் தொடங்கியதும் கரையோரப் புல்லுக்கு வரும். இதெல்லாம் ஏப்ரல், மே கதை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற இரவுகளில் கெண்டை இரையைத் தொடுவதே அபூர்வம். அப்போது கரையில் உட்கார்ந்தால் சளி பிடிக்கும், மீன் பிடிக்காது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். ராத்திரி போடலாமா?

எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி, பார்சன்ஸ் வேலி என்று நாம் பெயர் சொல்கிற நீர்நிலைகள் எல்லாம் அணைகள். சுற்றிலும் பெரும்பகுதி காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வேட்டையாடுவதோடு மீன் பிடிப்பதையும் சேர்த்தே குற்றம் என்கிறது. முக்குர்த்தி தேசியப் பூங்கா, முதுமலை என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம். அங்கே தூண்டில் என்ற பேச்சே கிடையாது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடுத்துவிட்டது. இதற்கெல்லாம் முன்பே, 1879-இல், நீலகிரியின் வேட்டைக்கும் மீனுக்கும் என்றே தனிச் சட்டம் போட்டார்கள். வெள்ளைக்காரன் தன் பொழுதுபோக்கைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட சட்டம் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். என்றாலும் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் மீனும் இல்லாமல் போனதைத்தான் பார்த்திருக்கிறோம்.

ஆகவே ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். எந்த நீர்நிலை, எந்த நேரம், எந்த முறை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "அங்க எல்லாரும் போடறாங்க" என்பது அனுமதி ஆகாது.

சட்டத்தை விட்டாலும் காடு விடாது. அணைக்கரைக்கு யானை தண்ணீர் குடிக்க வரும். தேயிலைக் காட்டில் காட்டெருமை படுத்திருக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி லயன் வீடு வரைக்கும் வருவது உங்களுக்கே தெரியும். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் நிற்பது புதரா மிருகமா என்று சொல்ல முடியாது. தூண்டில்காரனோ தண்ணீரைப் பார்த்து, காட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவன்.

இன்னொரு ஆபத்தை யாரும் நினைப்பதில்லை. மின்சாரம். ஊரெல்லாம் விளக்கு போடுகிற மாலை வேளையில்தான் மின்தேவை ஏறும், அந்த நேரம் பார்த்து நீர்மின் நிலையங்களை ஓட்டுவார்கள். பவர் ஹவுஸ் ஓடினால் கீழே ஆற்றில் தண்ணீர் ஏறும். குந்தா பக்கத்துத் தண்ணீர் பில்லூர் அணை வழியாகப் பவானியில் இறங்குகிறது. பைக்காராத் தண்ணீர் சிங்காரா, மாயார் என்று இறங்கி மாயாற்றில் சேர்கிறது. மேட்டுப்பாளையத்தில் முழங்கால் அளவு ஓடுகிற பவானி, மழையே இல்லாத நாளில் திடீரென்று இடுப்புக்கு வருவதற்கு இதுதான் காரணம். வெளியூர்க்காரர்கள் அங்கே அடித்துச் செல்லப்படுவதை ஆண்டுதோறும் செய்தியில் கேட்கிறோம். ஆற்று நடுவே பாறையில் உட்கார்ந்து அந்தியில் தூண்டில் போடுவது, எனக்குத் தெரிந்து, இந்த வட்டாரத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய முட்டாள்தனம்.

எனவே நான் சொல்வது இவ்வளவுதான். நமக்கு வாய்த்தது ராத்திரி மீன்பிடிப்பு அல்ல, கருக்கல் மீன்பிடிப்பு. நாலரைக்குப் போய் ஏழுக்குள் திரும்புகிற வேலை. அதற்கு ஏற்ற இடம், அனுமதி கிடைக்கிற அணைக்கரை ஒன்று. அதைவிட உத்தமம் தேயிலைத் தோட்டத்துக் குளம். தேயிலை எஸ்டேட்டுகளில் மருந்தடிக்கவும் நாற்றங்காலுக்கும் தண்ணீர் தேக்கிய சிறு குளங்கள் உண்டு, பலவற்றில் கெண்டை விட்டிருப்பார்கள். மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். மருந்தடிக்கிற டேங்கை அந்தக் குளத்தில் கழுவுகிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். சில பூச்சிமருந்துகள் துளி பட்டாலே மீன் செத்து மிதக்கும். ஊட்டி ஏரி மீனைச் சமையலுக்கு நான் சொல்ல மாட்டேன். சல்லிவன் 1820-களில் தேக்கிய அந்த ஏரிக்கு இன்று கோடப்பமந்து கால்வாய் என்ன கொண்டுவந்து சேர்க்கிறது என்பது ஊரறிந்த விஷயம்.

இனி சாமான். பகலில் ராடையும் ரீலையும் கண் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கருக்கலுக்கு விரல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் ஒரு பொருளை எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை மாட்டிக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

ரீல் என்றால் சுருள் நிலையாக நிற்கிற சாதாரண ஸ்பின்னிங் ரீல் போதும். சுருளே சுழலுகிற பெயிட்காஸ்டர் பார்க்க அழகு, வீசினால் தூரம் போகும். ஆனால் கட்டைவிரல் ஒரு கணம் பிசகினால் நரம்பு குருவிக்கூடாகிவிடும். வெளிச்சத்திலேயே அதைப் பிரிக்க அரைமணி ஆகும், மூடுபனியில் பிரிக்கவே முடியாது.

நரம்புக்கு வருவோம். மீனவர்கள் தங்கூசி என்று சொல்கிற ஒற்றை இழை நைலான்தான் என் கட்சி. பின்னல் நரம்பு மெல்லியது, பலமானது, விலையும் அதிகம். இருட்டில் சிக்கினால் முடிச்சு கண்ணுக்கே தெரியாது, மீன் இழுக்கும்போது ஈரக் கையை அறுத்தும்விடும். பகலில் கெண்டை நரம்பைப் பார்த்துவிடும் என்று மெல்லியதாகப் போடுகிறோம். கருக்கலில் அந்தக் கவலை குறைவு என்பதால் தாராளமாக 0.35 மில்லிமீட்டர் போடலாம். தடித்த நரம்பு விரலுக்குத் தட்டுப்படும், சிக்கலும் குறையும். இது இருட்டு நமக்குத் தருகிற சலுகை, பலர் இதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. டிரவுட்டுக்கு இந்தத் தடிமன் ஆகாது. அதற்குப் பாதி தடிமன் போதும்.

முள்ளை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். ஏழெட்டு முள்ளை, ஒரு முழ நரம்போடு, அட்டையில் சுற்றி வைத்துக்கொண்டால் கரையில் மாட்டுவது மட்டும்தான் வேலை. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த நைலான் உரசி இறுகும்போது சூடாகி, அந்த இடத்திலேயே பலம் இழந்துவிடும். முள்ளின் எதிர்முனையை இடுக்கியால் நசுக்கிவிடுவது என் வழக்கம். சின்ன மீனைக் காயமின்றி விட்டுவிடலாம். இருட்டில் மீனை விட நம் கட்டைவிரலில்தான் முள் அடிக்கடி ஏறும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தக்கை தெரியாத நேரத்தில் இழுப்பை எப்படி அறிவது? ராடு நுனியில் சின்ன மணி கட்டலாம், ஈயக்குண்டை அடியில் விட்டு. அதைவிட, நரம்பை ரீலுக்கு முன்னால் ஆள்காட்டி விரலில் தொங்கவிட்டுக்கொண்டு உட்காருவதே சிறந்தது. கெண்டை முதலில் தொடும், விடும், பிறகு நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். முதல் தொடலுக்கே வெட்டி இழுக்கிறவன் வெறும் முள்ளோடு திரும்புவான். இரைக்கு மண்புழு, அல்லது மைதாவும் சோளமாவும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. கொஞ்சம் வெல்லம் சேர்த்தால் வாசனை பரவும்.

விளக்கைத் தலையில் மாட்டுகிற மாதிரி வாங்குங்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். சிவப்பு வெளிச்சமும் உள்ளதாக இருந்தால் நல்லது, முள் மாட்டும்போது நம் கண் இருட்டுப் பழக்கத்தை இழக்காது. தண்ணீர் மேல் மட்டும் டார்ச் அடிக்காதீர்கள். கரையோர மீன் ஒரே பாய்ச்சலில் போய்விடும். கடலில் நிலையான வெளிச்சத்தைக் காட்டி மீனைக் கூட்டுகிற முறை ஒன்று உண்டு. அது அளவுக்கு மீறிப் போனதால்தான் 2017-இல் மத்திய அரசு எல்.இ.டி. விளக்கு மீன்பிடிப்பைத் தடை செய்தது.

உண்மையான இரவு மீன்பிடிப்பைப் பார்க்க வேண்டுமானால் மலையிறங்கி பவானிசாகருக்குப் போங்கள். பவானியும் மாயாறும் சேர்கிற இடத்தில் 1955-இல் கட்டி முடித்த அணை. நம் மலைத் தண்ணீரில் பெரும்பங்கு கடைசியில் அங்கேதான் நிற்கிறது. பரிசல்காரர்கள் பொழுது சாயும்போது செவுள் வலையை விரித்துவிட்டு, விடியற்காலையில் போய்த் தூக்குவார்கள். அங்கே ராத்திரியில் வேலை செய்வது வலை, ஆள் அல்ல. இருட்டில் நூல் கண்ணுக்குத் தெரியாததால் மீன் வந்து மாட்டுகிறது. பௌர்ணமியை ஒட்டி பாடு குறைவதும் இதனால்தான். அவர்கள் உரிமம் பெற்றுப் பிழைப்புக்காகச் செய்கிறவர்கள். வேடிக்கை பார்க்கலாம், பேசலாம், மீன் வாங்கலாம். பரிசலில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கடைசியாக, வாங்குகிற வரிசை. முதல் செலவு நல்ல பிடிமானமுள்ள பூட்ஸும் தலைவிளக்கும். பனியில் நனைந்த புல்சரிவில் வழுக்கி விழுந்தவருக்கு எந்த ராடும் உதவாது. அடுத்து, நல்ல நரம்பும் முள்ளும். பழைய நரம்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், வெட்டியதைக் கரையில் போடாமல் பையில் கொண்டுவாருங்கள். பறவை காலில் சுற்றிக்கொள்ளும். மூன்றாவது ரீல். ராடு கடைசி. வாங்கினால் ஏழடிக்கு மேல் வேண்டாம், நம் கரைகளில் பின்னாலேயே புதர் நிற்கிறது, நீண்ட ராடை வீச இடம் இருக்காது. எஸ்டேட் குளத்துக்கு ரீலும் ராடும்கூட அவசரமில்லை. பத்தடி மூங்கில் கம்பின் நுனியில் கம்பு நீளத்துக்கு நரம்பு கட்டினால் இந்தக் கோடைக்குத் தாராளமாகப் போதும்.