பேருந்துக் கூரையும் பேச்சு மேடையும்

(மாணவத் தோழர்களின் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு, 'கல்லூரியில் செல்வாக்கு' என்பது. கொள்கை பேசவேண்டிய மேடையில், எந்த மாணவனுக்கு எவ்வளவு மவுசு என்று ஆராய்வதா, இதுவும் ஒரு பொருளா, என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களை ஒன்று கேட்கிறேன். 2024 அக்டோபரில், சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே, மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் வேறொரு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு, சில நாட்களில் மருத்துவமனையிலே மாண்டுபோனார். சொத்துத் தகராறா? இல்லை. குடும்பப் பகையா? அதுவுமில்லை. உன் கல்லூரி பெரிதா, என் கல்லூரி பெரிதா. உன் தடம் பெரிதா, என் தடம் பெரிதா என்று ஆண்டாண்டாக நடந்துவரும் போட்டி, ஓர் ஏழைத் தாயின் வயிற்றில் நெருப்பை வைத்துவிட்டது. செல்வாக்கு என்பது விளையாட்டுப் பொருள்தானா, சொல்லுங்கள்!

வெளியூர்த் தோழர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். சென்னையிலுள்ள கலைக் கல்லூரிகளுக்குப் பூந்தமல்லி, ஆவடி, பெரம்பூர், திருவொற்றியூர்ப் பக்கங்களிலிருந்து மாநகரப் பேருந்திலும், திருத்தணி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கங்களிலிருந்து புறநகர் மின்வண்டியிலும் மாணவர்கள் வருகின்றனர். ஒரே தடத்தில் வருவோர் ஒரு கூட்டம். கூட்டத்திற்கு ஒரு தலைவன். அவனுக்குத்தான் 'ரூட்டு தல' என்று பெயர். வேட்புமனு உண்டா? வாக்குச்சீட்டு உண்டா? எதுவுமில்லை. படித்து முடித்துப் போகிறவன் கைகாட்டிவிட்டுப் போகிறான். அல்லது, நான்தான் என்று ஒருவன் எழுந்து நிற்க, மற்றவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். படிக்கட்டில் தொங்கும் துணிவு, பேருந்தின் தகரத்திலே தாளம் தட்டிக் கானா பாடும் திறமை, எதிர்த்தரப்பைக் கண்டால் பின்வாங்காத முரட்டுத்தனம் இவைதாம் அவனுடைய தகுதிகள். அவன் அடிதடி மட்டும் செய்பவன் என்று எண்ணிவிடாதீர்கள். புதிதாகச் சேர்ந்த முதலாண்டுப் பையனுக்கு இடம் பிடித்துத் தருபவன் அவன். தேர்வுக் கட்டணம் கட்ட இயலாதவனுக்காக நாலு பேரிடம் கைநீட்டுபவனும் அவனாகவே இருப்பதுண்டு. தலைமைக்குரிய குணங்கள் அவனிடம் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த நாம் அவனுக்குக் கொடுத்த இடம் எது? நாற்பது அடி நீளமுள்ள ஒரு பேருந்து!

'பேருந்து நாள்' என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொடக்கத்தில் அது ஓர் அழகிய வழக்கம். ஆண்டு முழுதும் தங்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்த ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாலை அணிவித்து, பரிசளித்து, நன்றி கூறுவார்கள். உழைப்பாளிக்கு மாணவன் மாலை போடுகிறான் என்றால் அதைவிட நாம் மகிழ வேறென்ன வேண்டும்! ஆனால் ஓட்டுநர் கழுத்திலிருந்த மாலை, காலப்போக்கில் 'தல'யின் கழுத்துக்கு மாறியது. நன்றி விழா, பலம் காட்டும் விழாவாயிற்று. போக்குவரத்து நின்றது, கல் பறந்தது, கண்ணாடி உடைந்தது. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. தடையால் ஓய்ந்ததா? 2019 ஜூன் மாதம், பேருந்தின் கூரைமேல் ஏறிக் கூத்தாடியவர்கள், வண்டி சட்டென்று நிற்க, கொத்தாகச் சரிந்து தரையில் விழுந்த காட்சியை நாடே கைப்பேசியிலே பார்த்துச் சிரித்தது. அடுத்த மாதமே, அரும்பாக்கத்தில், பட்டப்பகலில், பயணிகள் அலற, மாணவனை மாணவனே பட்டாக்கத்தி கொண்டு துரத்தினான். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

நாளேடுகள் எழுதின, 'ரவுடிகள்' என்று. குளிரூட்டப்பட்ட அறையிலே அமர்ந்து, 'இவர்களுக்கெல்லாம் எதற்குக் கல்லூரி?' என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வி நமக்குப் புதிதல்லவே! நம் பாட்டன் பள்ளிக்கூட வாசலில் நின்றபோதும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது.

அந்தப் பையனின் நிலையிலிருந்து பாருங்கள். வீட்டிலே முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். அப்பா கூலி வேலை. அம்மா நூறுநாள் வேலை. விடியற்காலையில் புறப்பட்டால்தான் முதல் வகுப்புக்கு வந்துசேர முடியும். வகுப்பிலே மதிப்பு, ஆங்கிலம் பேசுபவனுக்கு. உணவு விடுதியில் மதிப்பு, பையில் பணம் வைத்திருப்பவனுக்கு. வாசலிலே மதிப்பு, விலையுயர்ந்த இருசக்கர வண்டியில் வந்து இறங்குபவனுக்கு. இந்த மூன்று கடைகளிலும் செல்லுபடியாகும் நாணயம் அவன் கையில் இல்லை. கட்டணமில்லாத பயண அட்டை ஒன்றுதான் இருக்கிறது! ஆகவே அந்தப் பேருந்தையே தன் ராஜ்யமாக்கிக்கொள்கிறான். 'தல' என்று நாலு பேர் அழைக்கும்போது, பிறந்ததிலிருந்து எவரும் அவனுக்குத் தராத ஒரு மரியாதை கிடைக்கிறது. மதிப்புக்கான பசி, சோற்றுக்கான பசியைப்போலவே உண்மையானது. நல்ல உணவு கிடைக்காதபோது மனிதன் எதைத் தின்பான் என்பதைப் பஞ்ச காலத்தில் பார்த்திருக்கிறார்கள்.

பெரும்பணம் வாங்கும் தனியார் கல்லூரிகளிலே இந்த நோய் இல்லையா? இருக்கிறது, சலவை செய்த சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே கைப்பேசியின் விலை பேசுகிறது. வளாக நேர்காணலில் எத்தனை லட்சத்துக்கு விலைபோனான் என்பது பேசுகிறது. அமெரிக்காவிலே இதை 1937-லேயே ஆராய்ந்து எழுதியவர் வில்லார்ட் வாலர் என்ற சமூகவியல் பேராசிரியர். பென்சில்வேனிய மாநிலக் கல்லூரியிலே, எந்தச் சங்க விடுதியில் இடம் பெற்றிருக்கிறான், கையில் பணம் எவ்வளவு, உடுப்பு எப்படி, மோட்டார் கார் உண்டா என்று பார்த்து ஆண்களுக்குத் தரம் பிரித்தார்கள்; எத்தனை பேர் தேடி வருகிறார்கள் என்று கணக்கிட்டுப் பெண்களுக்குத் தரம் பிரித்தார்கள் என்று அவர் எழுதினார். மாட்டுச் சந்தையிலே துண்டைப் போட்டு விரல் பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் அதே அமெரிக்காவில், அதே பத்தாண்டில், வேறொரு கல்லூரியிலே நடந்ததை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். வெர்மான்ட் மாநிலத்தில் பென்னிங்டன் என்றொரு மகளிர் கல்லூரி. 1932-ல் தொடங்கப்பெற்றது. கட்டணம் மிக அதிகம். எனவே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் செல்வர் வீட்டுச் செல்விகள். தந்தையர், ரூஸ்வெல்ட்டின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பழமைவாதிகள். ஆசிரியர்களோ இளைஞர்கள், வேலையில்லாத் திண்டாட்டத்தையும், தொழிற்சங்க உரிமையையும், ஸ்பெயின் நாட்டுப் போரையும் மாணவியரோடு விவாதித்தவர்கள். அங்கே பணியாற்றிய தியோடர் நியூகோம் என்ற பேராசிரியர், 1935 முதல் 1939 வரை மாணவியரின் கருத்துகளை ஆண்டுதோறும் கணக்கெடுத்தார்.

1936 குடியரசுத் தலைவர் தேர்தல். முதலாண்டு மாணவியரில் 62 விழுக்காட்டினர் பழமைக் கட்சியின் லேண்டனை ஆதரித்தனர். ரூஸ்வெல்ட்டுக்கு 29 விழுக்காடு. இரண்டாமாண்டிலே இருவருக்கும் சரிபாதி, 43. மூன்றாம், நான்காம் ஆண்டிலே லேண்டனுக்கு வெறும் 15, ரூஸ்வெல்ட்டுக்கு 54, சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் வேட்பாளர்களுக்கு மட்டும் 30! ஒரே கல்லூரி, ஒரே விதமான குடும்பங்கள்; ஏறிய படிக்கட்டு மட்டும் வேறு.

நியூகோம் இன்னொன்றும் கேட்டார்: 'வெளியே ஒரு கூட்டத்திற்கு நம் கல்லூரியின் சார்பாக அனுப்பத் தகுந்தவர்கள் யார்?' அதிகப் பேர் சுட்டிய பெயர்கள் யாருடையவை? அழகியின் பெயரா, பணக்காரியின் பெயரா? பழமையை உதறிப் பொதுப் பிரச்சினைகளில் முன்னின்ற மாணவியரின் பெயர்களே! அந்தக் கல்லூரியில் செல்வாக்குப் பெறவேண்டுமானால் நாட்டைப்பற்றிச் சிந்திக்கவேண்டும் என்ற நிலை உருவாகியிருந்தது.

இங்கே நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். பெயர் வாங்குவதற்காக ஏற்றுக்கொண்ட கொள்கை, கொள்கையாகுமா? நல்ல கேள்வி. நியூகோமுக்கும் அது தோன்றியிருக்கிறது. கால் நூற்றாண்டு கழித்து, அந்தப் பெண்களையே மீண்டும் தேடிச் சென்றார். அவர்கள் தாயாராகி, குடும்பத் தலைவியராகி இருந்தனர். 1960 தேர்தலில் அவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கென்னடியின் பக்கம் நின்றதைக் கண்டார். அவர்களைப் போன்ற செல்வக் குடிப் பெண்களிடம் எதிர்பார்க்கக்கூடியதைவிட இது மிக அதிகம். இளமையில் பெயருக்காக உடுத்திய ஆடை, உடம்போடு ஒட்டிப்போய்விட்டது! ஆகவே, கொள்கை ஆர்வத்தோடு பெயர் ஆசையும் கலந்திருக்கிறதே என்று எந்த இளைஞனையும் நாம் தள்ளிவிடவேண்டியதில்லை.

பென்னிங்டன் பணக்காரர் கல்லூரி, நமக்கு எப்படிப் பொருந்தும் என்பீர்களானால், நம் வீட்டுக் கதைக்கே வருவோம். 1943-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரி விடுதியிலே மாணவர்களின் தகுதியைத் தண்ணீர்ப் பானை தீர்மானித்தது. பார்ப்பன மாணவர்க்கு ஒரு பானை. மற்றவர்க்கு வேறு பானை. அந்தப் பானைத் தகராறிலே பிறந்ததுதான் திராவிட மாணவர் கழகம். பானையில் கைவைத்த மாணவனுக்கு அதுவரை ஊரில் என்ன பெயர்? ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவன் பெயரைத் தஞ்சை மாவட்டமே அறிந்தது. அதே காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலே நெடுஞ்செழியனும் அன்பழகனும் புகழ்பெற்றது எதனால்? அவர்களுக்குக் காரா இருந்தது? பேச்சு இருந்தது, கேட்கக் கூட்டம் இருந்தது, பேச மேடை இருந்தது.

1965 சனவரியைப்பற்றி இந்த அவையிலே விரித்துரைக்கத் தேவையில்லை. அந்தப் போராட்டத்தில் மாணவனுக்கு மதிப்பு, அவன் எந்தச் சாதி, எந்த ஊர், எந்தத் தடம் என்பதைப் பொறுத்து இருந்ததா? மாநிலக் கல்லூரியும் பச்சையப்பன் கல்லூரியும் ஒரே அணிவகுப்பில் நடந்தன அன்றோ! இன்று கத்தி தூக்கும் தம்பிமார்களுக்கு இதை யாரேனும் சொல்லியிருக்கிறார்களா? இரண்டாண்டு கழித்து, 1967-ல், அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர் சீனிவாசன் விருதுநகரிலே நின்றபோது, தோற்றவர் காமராசர். காமராசரின் தோல்வியில் களிப்படைவது எனக்கு உடன்பாடில்லை. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியைத் திறந்துவிட்ட பெரியவர் அவர். ஆனால் ஒரு மாணவனின் பெயர் கல்லூரி மதிலைத் தாண்டி எவ்வளவு தூரம் செல்லமுடியும் என்பதற்கு அதைவிடச் சான்று ஏது?

பின்னர் என்ன ஆயிற்று? மேடை மூடப்பட்டது. கல்லூரிப் பேரவைத் தேர்தல் என்றால் வன்முறை வரும், வகுப்பு கெடும் என்றார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தல் வழக்கொழிந்தது. மதிப்பெண்ணை வைத்து நிர்வாகமே 'பிரதிநிதி'யை நியமித்தது. தேர்தலை நிறுத்தினார்கள், வன்முறை நின்றதா? வாக்குப்பெட்டியை எடுத்த இடத்திலே பட்டாக்கத்தி வந்து அமர்ந்தது. பதினெட்டு வயதில் வாக்குரிமை 1989-ல் வந்தது. நாட்டின் பிரதமர் யார் என்று முடிவு செய்ய அந்தப் பிள்ளைக்கு அறிவு உண்டாம். கல்லூரிப் பேரவைச் செயலாளர் யார் என்று முடிவு செய்ய மட்டும் அறிவு போதாதாம்! லிங்டோ குழு 2006-ல் வழி சொன்னது. வேட்பாளருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் செலவு கூடாது, 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும், அச்சிட்ட சுவரொட்டி ஆகாது என்றெல்லாம் நெறி வகுத்தது. உச்சநீதிமன்றமும் அதே ஆண்டு செப்டம்பரில் அதைச் செயற்படுத்த ஆணையிட்டது. அந்த நெறிகளுள் சில மிகக் கடுமையானவை, கட்சிச் சார்பையே தீட்டாகக் கருதுபவை என்பது என் கருத்து. எனினும், ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

மேடை மூடப்பட்ட இடத்தில் இன்னொன்றும் நுழைந்தது. கைக்கயிறு. எந்த நிறக் கயிறு எந்தச் சாதிக்கு என்பது தென்மாவட்டத் தோழர்களுக்குத் தெரியும். 2023-ல் நாங்குநேரியிலே பள்ளிச் சிறுவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், நீதியரசர் சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு, 2024-ல் தந்த அறிக்கையிலே கயிற்றைத் தடைசெய்யச் சொன்னது. சொன்னது சரி. ஆனால் பள்ளியில் கயிறு கட்டியவன்தான் அடுத்த ஆண்டு கல்லூரிக்கு வருகிறான். மணிக்கட்டுக் கயிற்றை அறுத்துவிடலாம். அதனால் அவனுக்குக் கிடைத்துவந்த மதிப்புக்கு ஈடாக எதைத் தரப்போகிறோம்?

மாணவியரைப்பற்றி ஒரு சொல். ஆண் பிள்ளை பத்துப் பேருக்குத் தெரிந்தவன் என்றால் 'செல்வாக்கு' என்கிறோம்; பெண் பிள்ளை பத்துப் பேருக்குத் தெரிந்தவள் என்றால், 'பேர் கெட்டுப்போகும்' என்கிறோம். ஆகவே, நன்றாகப் பேசத் தெரிந்த மாணவி பேச்சுப் போட்டியோடு நிற்கிறாள், பேரவைக்கு வருவதில்லை. நம் அமைப்புக் கூட்டங்களிலே மாணவியர் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். கடைசி வரிசையில், வாசலுக்கு அருகே. பென்னிங்டன் கதையை நான் சொன்னது மாணவர்களுக்காக மட்டுமல்ல.

இனிச் செய்யவேண்டியது. கல்லூரிக்குக் கல்லூரி, பேரவைத் தேர்தல் கேட்டு முதல்வரிடம் விண்ணப்பம் கொடுங்கள். ஒரு கட்சியின் பெயரால் அல்ல, வகுப்புக்கு வகுப்புக் கையெழுத்து வாங்கி. ஒவ்வொரு தடத்திலும் வாரம் ஒரு நாள், கல்லூரி விட்டதும் பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலேயே, ஒரு மணி நேர வாசிப்பு வட்டம் நடத்துங்கள். வண்டி வரும்வரை எப்படியும் அவர்கள் நிற்கத்தானே போகிறார்கள்? 'ரூட்டு தல'யைக் கண்டு ஒதுங்காதீர்கள். ஊர்வலத்திற்கு ஆள்பிடிக்கும் தரகனாகவும் அவனை ஆக்காதீர்கள். அப்படியோர் எண்ணம் எவருக்கேனும் இருந்தால் இந்தக் கொட்டகையிலேயே அதை விட்டுவிட்டுப் போங்கள். அவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: முதலாண்டு மாணவர்களில் உதவித்தொகை வராதவர்கள் யார் யார் என்று அவன் தடத்தில் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலோடு அவனையே அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பேசுவது அவனாகவே இருக்கட்டும்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். ஐயங்களைத் தாளில் எழுதி மேடைக்கு அனுப்புங்கள். அரக்கோணம் வண்டியைப் பிடிக்கவேண்டிய தோழர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.