வெள்ளம் வடிந்த பின் ஆற்றின் நிலை



வெள்ளம் வந்தால் நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? பிள்ளைகள் மேட்டுக்குப் போய்விட்டார்களா, அரிசி நனைந்துவிட்டதா, ஆடு மாடு தப்பியதா என்று பார்க்கிறோம். தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவி விடுகிறோம். ஆனால், அந்த வெள்ளத்தைச் சுமந்து சென்ற ஆறு என்ன ஆயிற்று என்று கேட்கிறோமா? இன்று அதைப் பற்றித்தான் நாம் பேசப் போகிறோம். இதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

1999ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரண்டே மாதங்களில் டென்னிஸ், ஃபுளோயிட், ஐரீன் என்று மூன்று சூறாவளிகள் அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதியைத் தாக்கின. டென்னிஸ் பெய்த மழையில் நிலம் முன்னரே ஊறிக் கிடந்தது. செப்டம்பர் 16ஆம் நாள் ஃபுளோயிட் கரை ஏறியபோது, பெய்த மழையை உறிஞ்ச மண்ணுக்கு இடமில்லை. நூஸ், டார் ஆகிய ஆறுகள் கரைபுரண்டன.

டார் ஆற்றங்கரையில் பிரின்ஸ்வில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அமைத்த ஊர் அது. 1885இல் முறையான நகராகப் பதிவு பெற்றது. ஆற்றோரத்தில் வேறு யாரும் விரும்பாத பள்ளமான நிலம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஊர் ஃபுளோயிட் வெள்ளத்தில் அப்படியே மூழ்கியது. ஆற்றைக் கெடுப்பவர் ஓரிடத்தில் இருக்க, அதன் பலனை அனுபவிப்பவர் பள்ளத்தில் இருக்கும் ஏழை மக்களாக இருப்பது உலகெங்கும் காணும் வழக்கம்.

அந்த வெள்ளத்தில் வந்தது மழைநீர் மட்டுமா? இல்லை. அப்பகுதி பன்றிப் பண்ணைகள் மலிந்தது. பன்றிகளின் கழிவை வெட்டவெளியில் தோண்டிய மண்குட்டைகளில் தேக்கி வைப்பது அங்குள்ள முறை. வெள்ளம் பல குட்டைகளை மூடியது. சில குட்டைகளின் கரைகள் உடைந்தன. செத்த பன்றிகளும் கோழிகளும் மிதந்தன. எரிபொருள், சாக்கடை, வயல்களில் இட்ட உரம் எல்லாம் ஆற்றில் கலந்தன. பல குடும்பங்களின் கிணறுகளும் வெள்ளத்தில் மூழ்கின.

இனி, ஆற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாம் காற்றைச் சுவாசிப்பது போல, மீன் தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வாயுவைச் சுவாசிக்கிறது. கழிவும் அழுகிய இலைதழையும் நீரில் சேர்ந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி உயிர்வாயுவை உண்டு தீர்த்துவிடுகின்றன. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. கழிவிலும் உரத்திலும் உள்ள நைட்ரஜன் பாசிக்குத் தீனி. பாசி படர்ந்து, பிறகு செத்து அழுகும்போது மறுபடியும் உயிர்வாயு குறைகிறது. ஆகவே, வெள்ளத்தின் கேடு வெள்ளத்தோடு முடிவதில்லை.

அந்த ஆறுகள் போய்ச் சேரும் இடம் பாம்லிகோ என்னும் பெரிய உப்பங்கழி. கடலுக்கும் அதற்கும் நடுவே நீண்ட மணல் தீவுகள் அணைபோல் கிடக்கின்றன. ஒரு சில குறுகிய வாய்க்கால்கள் வழியாகத்தான் நீர் கடலுக்குப் போக முடியும். அந்த 3 சூறாவளிகளின் வெள்ளநீர், கழியில் இருந்த நீரின் அளவில் முக்கால் பங்குக்குச் சமமானது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். உப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைந்தது. ஓராண்டில் சேரவேண்டிய நைட்ரஜனில் பாதி அந்த வெள்ளத்தோடு வந்தது. பாசி பெருகியது. மீன்களிடையே நோய் கூடியது.

இவ்வளவும் எப்படித் தெரிந்தது? வெள்ளத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நூஸ் ஆற்றின் நீரை முறையாக எடுத்துச் சோதித்துக் குறித்து வந்தார்கள். நோயாளியின் முந்தைய உடல்நிலை தெரிந்தால்தானே மருத்துவர் இன்றைய நோயை அறிய முடியும்? ஆற்றுக்கும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு முதல் இன்னொரு வழியும் கண்டார்கள். மக்களை ஏற்றிச் செல்லும் பயணப் படகுகளிலேயே கருவிகளைப் பொருத்தினார்கள். படகு போகும்போதே நீரின் வெப்பம், உப்பு, பாசியின் அளவு முதலியவை பதிவாகின.

அறிந்தால் மட்டும் போதுமா? செயல் வேண்டும். நூஸ் ஆற்றின் இருகரைகளிலும் 50 அடி அகலத்திற்கு மரஞ்செடிகளை அழிக்காமல் காக்க வேண்டும் என்று 1997இல் விதி வந்தது. அவற்றின் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், உரநீரை வடிகட்டும். வெள்ளத்திற்குப் பிறகு, பள்ளத்தில் இருந்த 40க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகளை அரசு பணம் கொடுத்து மூட வைத்தது. 1996இல் வந்த ஃபிரான் சூறாவளி மற்றொரு பாடம் கற்பித்தது. மின்சாரம் நின்றதும் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. சாக்கடை அப்படியே ஆற்றில் விழுந்து மீன்கள் மடிந்தன. அந்நிலையங்களுக்குத் தனி மின்னாக்கி வேண்டும் என்பது அப்போது விளங்கியது. ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. 2018இல் ஃபுளோரன்ஸ் சூறாவளி வந்தபோது மீண்டும் பல கழிவுக் குட்டைகள் நிரம்பி வழிந்தன.

நேயர்களே, நம் நாட்டுக்குச் சூறாவளி அரிது. ஆனால், பருவமழை வெள்ளம் நமக்குப் புதிதல்ல. செம்பனை எண்ணெய் ஆலைகளிலும் கழிவுநீர்க் குளங்கள் உண்டு. அவற்றுக்கென 1977ஆம் ஆண்டு முதல் சட்டவிதிகளும் உண்டு. ஆகவே, நாம் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

ஆற்றோர மரங்களையும் புல்லையும் வெட்டாமல் விடுவோம். உரப் பையையும் மருந்துப் புட்டியையும் ஆற்றில் கழுவாதிருப்போம். வெள்ளம் மூடிய கிணற்று நீரைச் சோதிக்காமல் குடிக்க வேண்டாம். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். மருந்தும் எண்ணெயும் போகா. ஆற்றில் ஒரே இடத்தை வாரம் ஒருமுறை பார்த்து, நிறம், நாற்றம், மீன் நடமாட்டம் ஆகியவற்றை நாளோடு குறித்து வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்ய முடியும். மீன் செத்து மிதந்தால், கையால் தொடாமல், சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது, "நாறுகிறது" என்று வெறுமனே சொல்வதைவிட, "இன்ன நாள் முதல் நாறுகிறது" என்று ஏட்டைக் காட்டிச் சொன்னால், அந்தச் சொல்லுக்கு எடை அதிகம்.