வேம்பயர்: ஒரு பெயர், இரண்டு கப்பல்கள்



சிட்னி நகரத்தின் டவுன் ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்குப் பக்கமாகக் கொஞ்சதூரம் நடந்தால் பிர்மோன்ட் பாலம் வந்துவிடும். 1902இல் திறந்த பாலம் இது. உயரமான கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். இப்போது கார், பஸ் எதுவும் இதில் ஓடுவதில்லை. பாலத்தின் நடுவில் நின்று வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். கண்ணாடிக் கட்டடங்களுக்கும் உல்லாசப் படகுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல் நிற்கும். அதன் விலாவில் பெரிதாக 11 என்ற எண். ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் ‘வேம்பயர்’ என்னும் நாசகாரிக் கப்பல் அதுதான்.

வேம்பயர் என்றால் இரத்தம் குடிக்கும் பேய். கப்பலின் சின்னம் வௌவால். மாலுமிகளும் செல்லமாக ‘வௌவால்’ என்றே இதை அழைத்தார்கள்.

ஏறிப் பார்ப்போம். நீளம் 118 மீட்டருக்கு மேல். அகலமோ மிகக் குறைவு. வேகம்தான் நாசகாரிக்கு உயிர் என்பதால் அதன் உடம்பே ஒல்லியாக இருக்கும். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என மூன்று பீரங்கிக் கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் இரட்டைக் குழல். இதற்குப் பின் ஆஸ்திரேலியக் கடற்படை ஏவுகணை நாசகாரிகளுக்கு மாறிவிட்டது. பீரங்கியை நம்பியே கட்டப்பட்ட நாசகாரிகளின் கடைசித் தலைமுறை இதுதான்.

மேல்தளத்தில் நிற்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். உள்ளே இறங்குங்கள், மூச்சு முட்டும். ஏணி செங்குத்து, கதவுகளைக் குனிந்துதான் கடக்க வேண்டும். தலைக்கு மேலே குழாய்களும் கம்பிகளும் பின்னிக்கிடக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய படுக்கைகளில் புரண்டு படுக்கவும் இடமில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இதற்குள் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். கீழே கொதிகலன், வெளியே தென்கிழக்காசிய வெயில். அந்தப் படுக்கையருகே ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். எந்தப் பீரங்கியைவிடவும் அதுதான் எனக்கு அதிகம் சொன்னது.

இதே சிட்னித் துறைமுகத்தில் உள்ள காக்கட்டூ தீவில் கட்டிய கப்பல் இது. 1956 அக்டோபர் 27 அன்று, அப்போதைய கவர்னர் ஜெனரல் வில்லியம் ஸ்லிம்மின் மனைவி இதை நீரில் இறக்கிவைத்தார். கடற்படையில் சேர்ந்தது 1959இல். மலேசியா உருவானபோது இந்தோனேசியாவுடன் மூண்ட மோதல் காலத்தில் அந்தக் கடல்களில் காவல் சுற்றியது. வியட்நாமுக்குப் படைவீரர்களை ஏற்றிச்சென்ற ‘சிட்னி’ கப்பலுக்குத் துணையாகப் பலமுறை போனது. 1977இல் எலிசபெத் அரசியார் வந்தபோது ‘பிரிட்டானியா’ கப்பலுக்குக் காவல். 1980 முதல் பயிற்சிக் கப்பல். 1986 ஆகஸ்ட் 13 அன்று ஓய்வு. எட்டு லட்சம் கடல் மைல்களுக்கு மேல் ஓடியும் இந்தக் கப்பல் ஒரு கடற்சமரைக்கூடக் காணவில்லை.

இதன் உடன்பிறப்பு ‘வாயேஜர்’ அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. 1964 பிப்ரவரி 10 இரவு, ஜெர்விஸ் விரிகுடாவுக்கு அருகே ஒத்திகையின்போது, ‘மெல்பன்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலின் குறுக்கே அது வந்துவிட்டது. மோதிய வேகத்தில் இரண்டு துண்டானது. 82 பேர் மாண்டார்கள். போரே இல்லாத ஒரு இரவில்! வேம்பயரின் குறுகிய வழிகளில் நடக்கும்போது, இருட்டில், தண்ணீர் உள்ளே பாயும்போது, இந்த ஏணியில் எத்தனை பேர் ஏறியிருக்க முடியும் என்ற எண்ணம் வராமல் இராது. இதே அமைப்பில், இதே தீவில் கட்டப்பட்ட கப்பல்தான் வாயேஜர்.

வேம்பயர், வாயேஜர், இன்னொரு உடன்பிறப்பான வெண்டெட்டா என்ற இந்த மூன்று பெயர்களும் இரண்டாம் உலகப் போரின் பழைய நாசகாரிகளிடமிருந்து வந்தவை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் கட்டிய அவற்றை ஜெர்மானியப் பிரசாரம் ‘பழைய இரும்பு’ என்று ஏளனம் செய்தது. ஆஸ்திரேலியர்கள் அந்த ஏளனத்தையே பட்டமாகச் சூட்டிக்கொண்டு, ‘பழைய இரும்புப் படையணி’ என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள்.

அந்த முதல் வேம்பயரின் கதை நம்மவர் கரையில் முடிந்தது.

1941 டிசம்பர் 10 அன்று மலாயாக் கடலில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரு பெருங்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அங்கே தண்ணீரில் தத்தளித்த இருநூறுக்கும் மேற்பட்டோரைத் தூக்கிக் காப்பாற்றியது முதல் வேம்பயர். அடுத்த மாதம் எண்டாவ் அருகே நடந்த இரவுச் சண்டையில் உடன் சென்ற ‘தானெட்’ மூழ்க, இது மட்டும் தப்பியது. பிறகு திருகோணமலைக்கு வந்து, ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குத் துணையானது.

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியப் படை, அடுத்துத் திருகோணமலைக்கு வரும் என்று எச்சரிக்கை வந்தது. 8ஆம் தேதி இரவே ஹெர்மிஸும் வேம்பயரும் துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகிப்போயின. மறுநாள் காலை தாக்குதல் நடந்தது. அது ஓய்ந்து திரும்பும் வழியில், மட்டக்களப்புக்கு நேரே, ஜப்பானிய உளவு விமானத்தின் கண்ணில் இரண்டும் பட்டன. விமானந்தாங்கி என்றுதான் பெயர். அன்று ஹெர்மிஸில் ஒரு விமானமும் இல்லை. கரையிலிருந்தும் விமானத் துணை நேரத்துக்கு வந்துசேரவில்லை. குண்டுகள் மழையாக விழ, சில நிமிடங்களில் ஹெர்மிஸ் மூழ்கியது. அடுத்து வேம்பயர் இரண்டாகப் பிளந்து போனது. அதன் தலைவர் வில்லியம் மோரனும் அவருடைய மாலுமிகள் சிலரும் இறந்தார்கள். ஹெர்மிஸில் இறந்தோர் முந்நூறுக்கும் மேல். மற்றவர்களை ‘விட்டா’ என்ற மருத்துவமனைக் கப்பல் வந்து தண்ணீரிலிருந்து மீட்டது. பலரைக் காப்பாற்றிய கப்பலின் ஆட்களைக் காப்பாற்ற அன்று ஒரு கப்பலாவது வந்ததே என்று மனம் கொஞ்சம் ஆறுகிறது.

சிட்னியில் நிற்கும் வேம்பயரை வெறும் வேடிக்கைப் பொருளாக என்னால் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம். சண்டையே காணாத இந்தக் கப்பல், கிழக்கிலங்கைக் கடலடியில் கிடக்கும் ஒன்றின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

சிட்னிக்குப் போகிறவர்கள் அரை நாளை இதற்கென ஒதுக்குங்கள். வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், ஏணிகள் பொல்லாதவை. பக்கத்திலேயே ‘ஆன்ஸ்லோ’ என்ற நீர்மூழ்கிக் கப்பலும் இருக்கிறது, அதையும் விடாதீர்கள். நேரம் மிஞ்சினால் சர்க்குலர் கீ துறையில் படகேறிக் காக்கட்டூ தீவுக்கும் போய் வாருங்கள்.

சிட்னியிலேயே குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். பீரங்கியைக் காட்டி முடித்தபின், இந்தப் பெயரை முதலில் சுமந்த கப்பல் மூழ்கியது மட்டக்களப்புக் கடலில் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.