ஓடத்துக்கு ஒரு பெயர்



கடலே காணாத ஓர் ஊரை முன்னிட்டுப் படகுகளின் பெயர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், நீங்கள் சற்று வியப்படையக்கூடும். இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு மலைகளில் உள்ள சாந்தன்பாறைதான் அந்த ஊர். ஏலத் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த மலையூர். விடியற்காலையில் போடிநாயக்கனூரிலிருந்து தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டைக் கடந்து இந்தப் பக்கங்களுக்கு வருகின்றன. தமிழும் மலையாளமும் ஒரே தேநீர்க் கடையில் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. ஊருக்கு அருகே பன்னியாற்றின் நீரைத் தேக்கிய அணை ஒன்று உண்டு. அதன் பெயர் ஆனையிறங்கல். யானைகள் இறங்கி வந்து நீர் அருந்தும் துறை என்பது அதன் பொருள். இங்குள்ள நீருக்கே யானைதான் பெயர் கொடுத்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பேச்சின் முடிவில் இதே துறைக்குத் திரும்பி வருவோம்.

மனிதன் தான் பயன்படுத்தும் எல்லாப் பொருளுக்கும் பெயர் சூட்டுவதில்லை. ஏருக்கும் உலக்கைக்கும் தனிப் பெயர் கிடையாது. வீட்டு மாட்டுக்குப் பெயர் உண்டு. கோயில் யானைக்குப் பெயர் உண்டு. உயிருள்ளது, நம் சொல்லைச் சில வேளை கேட்கும், சில வேளை கேளாது என்று தோன்றும் ஒன்றுக்கே பெயர் வைக்கிறோம். மரத்தால் செய்த பொருள்களில் இந்த வரிசையில் இடம்பெற்றது படகு. அலைமேல் சென்றதும் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. நம் உயிரும் அப்போது அதன் கையில்தான்.

தமிழ்மொழி படகுக்கு வைத்த பொதுப் பெயர்களே சிலேடைக்கு இடம் தருவன. அம்பி என்றால் படகு. சில வீடுகளில் தம்பியை அழைக்கும் செல்லப் பெயரும் அதுவே. திமில் என்றால் மீன் பிடிக்கும் படகு. காளையின் முதுகில் எழுந்து நிற்பதும் திமில். கலம் என்றால் மரக்கலம், உண்கலமும் கலம், நெல்லை அளக்கும் அளவும் கலம். வங்கம் கப்பலையும் குறிக்கும், கிழக்கே உள்ள ஒரு நாட்டையும் குறிக்கும். நாவாய் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நாவும் வாயும் கிடைக்கும். காளமேகப் புலவர் போன்ற ஒருவர் துறைமுகத்தில் குடியிருந்தால், அவருக்குப் பாடுபொருள் தேடி வெளியே போகவேண்டிய அவசியமே இருந்திராது.

படகுக்கு முகம் வைக்கும் வழக்கமும் நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு அருகே வையைத் துறையில் ஓடிய ஓடங்களைப் பற்றி இளங்கோவடிகள் கூறுகிறார். அவற்றில் குதிரைமுகம் கொண்டவை உண்டு, யானைமுகம் கொண்டவை உண்டு, சிங்கமுகம் கொண்டவையும் உண்டு. சிங்கமுக ஓடத்துக்கு அவர் வழங்கும் பெயர் அரிமுக அம்பி. இவ்வளவு அலங்காரமான ஓடங்கள் ஓடும் பெருந்துறையை விட்டு, கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு ஓர் எளிய மரப்புணையிலேறி ஆற்றைக் கடந்தார்கள். முகமும் பெயரும் இல்லாத அந்தப் புணை அவர்களை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை நாம் அறிவோம்.

மேனாட்டில் பொழுதுபோக்குக்காகப் படகு வைத்திருப்போர், வேடிக்கையும் சிலேடையுமாகப் பெயர் சூட்டுவதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். கயிற்று முடிச்சுக்கும் 'இல்லை' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. ஆகவே 'நாட் வொர்க்கிங்' என்று ஒருவர் தம் படகில் எழுதி வைப்பார். முடிச்சுப் போடுகிறேன் என்றும் கொள்ளலாம். இன்று வேலைக்குப் போகவில்லை என்றும் கொள்ளலாம். 2016ஆம் ஆண்டில் பிரிட்டனில், துருவக் கடல்களை ஆராயச் செல்லும் ஒரு பெரிய கப்பலுக்குப் பெயர் சொல்லுமாறு பொதுமக்களைக் கேட்டார்கள். மக்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அளித்துத் தேர்ந்தெடுத்த பெயர் 'போட்டி மெக்போட்ஃபேஸ்'. தமிழில் சொல்லப்போனால், 'படகுமுகத்தார் வீட்டுப் படகன்' என்பது போன்ற பெயர்! அதிகாரிகள் திகைத்தார்கள். இறுதியில் கப்பலுக்கு இயற்கை ஆய்வாளர் டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டி, மக்கள் தந்த பெயரை அக்கப்பலைச் சேர்ந்த ஆளில்லா நீர்மூழ்கி ஒன்றுக்கு வழங்கினார்கள். கப்பலுக்குக் கண்ணியம் கிடைத்தது; குட்டிக்குச் சிரிப்புக் கிடைத்தது. இரண்டையும் இழக்காத தீர்ப்பு இது.

நம் கடற்கரையில் இவ்வகைச் சிரிப்பு அரிது. இராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ நின்று படகுகளின் நெற்றியைப் படித்தால், வேளாங்கண்ணி மாதா இருப்பாள், அந்தோணியார் இருப்பார், நாகூர் ஆண்டவர் இருப்பார், முருகன் இருப்பான். அவர்களுக்கு அடுத்தபடியாகப் பெற்ற குழந்தைகளின் பெயர்கள் இருக்கும். ஓய்வுக்குக் கடலில் செல்பவன் சிரிக்கலாம். உணவுக்குச் செல்பவன் தெய்வத்தை அழைக்கிறான். ஆயினும் சிலேடை செய்ய நம்மவர்க்குப் பொருள் இல்லாமற் போகவில்லை. எனக்குப் படகு ஒன்று இருந்தால் அதற்கு 'அக்கரை' என்று பெயர் வைப்பேன். பெயர் எழுதுபவர் தவறுதலாக வல்லின றகரத்தைப் போட்டு 'அக்கறை' ஆக்கிவிட்டாலும் வருந்தமாட்டேன். அந்தக் கரையைச் சேரவேண்டும். சேர்ப்பவனுக்கு அக்கறையும் வேண்டும். வட்டிக்கு வாங்கிப் படகு கட்டியவர்கள், 'கடல்மகன்' என்று எழுதும்போது லகரத்தை னகரமாக்கிக் 'கடன்மகன்' என்று எழுதினாலும் பொய்யாகாது. இந்தச் சிலேடையில் சிரிப்பு முன்னே வருகிறது. பெருமூச்சு பின்னே வருகிறது.

இனி, பெயர் மாறிய ஒரு கப்பலின் கதையைச் சொல்லுகிறேன். படகின் பெயரை மாற்றினால் தீங்கு நேரும் என்று மேனாட்டு மாலுமிகளிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. இலங்கையின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில், அவ்வூர்த் தமிழ்த் தச்சர்கள் வேப்பமரத்தால் ஒரு பாய்க்கப்பலைக் கட்டினார்கள். அதன் பெயர் 'அன்னபூரணி'. அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இதில் ஒரு விந்தை உண்டு. அதே ராபின்சன் முன்னர்த் தாம் உலகைச் சுற்றிவந்த சிறு படகுக்கு வைத்திருந்த பெயர் 'ஸ்வாப்'. கனவு என்னும் பொருள்பட வடமொழியிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட சொல் அது. தம் படகுக்கு இந்நாட்டுப் பெயரை விரும்பி எடுத்தவர், இந்நாட்டுக் கப்பலிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டார். எந்தத் தீங்கும் நேரவில்லை; கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தது. ஆனாலும் வல்வெட்டித்துறையில் அதன் கதையைச் சொல்லுவோர் நாவில் அது இன்றளவும் அன்னபூரணிதான். பலகையில் எழுதிய பெயரை விலைக்கு வாங்கியவர் மாற்றலாம். செய்தவர் நாவில் உள்ள பெயரை மாற்ற இயலாது.

இதற்கு நேர்மாறான கதையும் நம்மிடம் உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட இரு கப்பல்களை வாங்கினார். அவற்றின் பெயர்கள் 'காலியா', 'லாவோ'. அயல்நாட்டுப் பெயர்களோடு வந்த அக்கப்பல்களை நாட்டு மக்கள் தம் கப்பல்களாகவே கொண்டாடினார்கள். 1908இல் அவர் சிறைப்பட்டார், கம்பெனி சிதைந்தது, கப்பல்கள் போயின. அவற்றின் பெயர்களை இன்று நூறு பேரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்லுவார்கள்? ஆனால் அவற்றை ஓட்டியவருக்குக் 'கப்பலோட்டிய தமிழர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கப்பலுக்கு மனிதன் பெயர் வைப்பதே உலக வழக்கம். இங்கோ கப்பல் மனிதனுக்குப் பெயர் வைத்துச் சென்றது.

இக்காலத்தில் மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றுக்கும் அரசின் பதிவு எண் உண்டு. நாட்டைக் குறிக்கும் எழுத்து, மாநிலத்தைக் குறிக்கும் எழுத்து, அதன்பின் இலக்கங்கள் என்று நீளமாக எழுதப்பட்டிருக்கும். அது வேண்டிய ஏற்பாடே. எல்லை தாண்டிப் போன படகை இன்னதென்று அறியவும், காணாமற் போனதைத் தேடவும் எண்தான் உதவும். ஆனால் 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் எத்தனையோ குடும்பங்கள் கடலைப் பார்த்துக் காத்து நின்றன. சென்றவர் பலர் திரும்பவே இல்லை. பதிவேட்டில் தேடுபவர்க்கு எண் வேண்டும். கரையில் நிற்கும் தாயோ மகன் ஏறிச் சென்ற படகைப் பெயர் சொல்லியே விசாரிப்பாள். வேளாங்கண்ணி வந்ததா, அந்தோணியார் வந்தாரா என்றுதான் கேட்பாள். எண்ணைக் கொண்டு ஒரு படகைக் கண்டுபிடிக்கலாம். பெயரைக் கொண்டுதான் அதற்காக அழ முடியும்.

இனி ஆனையிறங்கலுக்குத் திரும்புவோம். இம்மலையில் மனிதன் பெயர் வைத்து அழைப்பது படகையன்று, காட்டு யானையை. மூணாற்றுப் பக்கம் தேயிலைக் காட்டில் உலவும் ஒரு யானைக்கு மக்கள் வைத்த பெயர் 'படையப்பா'. 1999இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படத்தின் கதாநாயகன் பெயர் அது. பலாப்பழத்தைத் தேடி வருபவன் 'சக்கக்கொம்பன்'. வால் முறிந்தவன் 'முறிவாலன்'. நியாயவிலைக் கடையையும் வீடுகளையும் இடித்து அரிசியைத் தின்றவன் 'அரிக்கொம்பன்'. தமிழ்க் காதுக்கு இந்தப் பெயரில் இளங்கோவடிகளின் அரிமுக அம்பி கேட்கிறது. அரி என்றால் நமக்குச் சிங்கம். மலையாளக் காதுக்கு அரி என்றால் வெறும் அரிசி. எல்லையில் பிறந்த யானைக்கு இரு மொழியிலும் பொருள்படும் சிலேடைப் பெயர் தானே அமைந்துவிட்டது!

இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று. இந்த யானைகளால் வீடிழந்தவர்கள் உண்டு. உயிர் இழந்தவர்களும் உண்டு. 2023 ஏப்ரல் 29ஆம் நாள் சாந்தன்பாறை, சின்னக்கானல் பகுதியில் அரிக்கொம்பனை மயக்க ஊசி செலுத்திப் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது அங்கே நில்லாமல் கம்பம் நகரில் இறங்கியது. ஜூன் மாதத்தில் மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். அங்கே அது போனபோதும் பெயர் கூடவே போயிற்று. முறிவாலன் 2024 செப்டம்பரில், சக்கக்கொம்பனோடு மோதியதில் பட்ட காயங்களால் இறந்தது.

இரவில் கதவை முட்டுவது எதுவென்று அறியாதபோது அச்சம் பெரிது. முட்டுவது முறிவாலன் என்று தெரிந்தால் அச்சம் நீங்கிவிடாது. ஆனால் அந்த அச்சத்துக்கு ஓர் உருவமும் முகவரியும் கிடைக்கின்றன. இவன் எந்தப் பக்கம் வருவான், எதைத் தின்பான், எப்போது திரும்புவான் என்று அண்டை வீட்டாரோடு பேசிக்கொள்ள முடிகிறது. தன்னால் வெல்ல முடியாததற்கு மனிதன் வேடிக்கையாக ஒரு பெயர் வைக்கிறான். வைத்தபின் அதன் அருகே வாழக் கற்றுக்கொள்கிறான். கடலும் அத்தகையதே. படகின் நெற்றியில் உள்ள பெயர் தெய்வத்தின் பெயரானாலும், குழந்தையின் பெயரானாலும், நாவைச் சுழற்றும் சிலேடையானாலும், அடியில் இருப்பது ஒரே எண்ணம்: 'நான் சிறியவன், நீர் பெரியது, என்னைத் திருப்பிக் கொண்டுவா.'

ஆகவே, அடுத்த முறை ஏதேனும் ஒரு துறையில் வேடிக்கையான பெயர் எழுதிய படகைக் கண்டால் தாராளமாகச் சிரியுங்கள். வைத்தவனும் நீங்கள் சிரிக்கவேண்டும் என்றுதான் வைத்தான். சிரித்த பின்பு, அந்தப் படகு மாலையில் கரை திரும்புகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள். அக்கரை சென்றவர்மீது இக்கரையில் நிற்பவர் வைக்கும் அக்கறை அது.