டிமர் சுவிச்சும் சிக்கனக் குமிழும்: நான் பட்ட பாடு

(எங்கள் சங்கத்தின் மாரிகால ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழக்கப்பட்டவன் அல்ல. சாப்பாடு பொதி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யிறவன். ஊரில் உயர்தரம் வரைக்கும் படிச்சனான், அதோட படிப்பு நிண்டு போச்சு. "வீட்டுச் செலவைக் குறைக்கிறது பற்றி ஒரு பத்து நிமிசம் பேசு தம்பி" எண்டு செயலாளர் கேட்டார். எனக்கு அனுபவப்பட்டுத் தெரிஞ்ச ஒரு விசயத்தை மட்டும் பேசுறன். லைற்றைக் கூட்டிக் குறைக்கிற டிமர் சுவிச்சும், அதில் பூட்டுகிற சிக்கனக் குமிழும்தான் அது. சின்ன விசயம்தான். ஆனால் எங்கள் அம்மாவின் கை முறிஞ்சது இந்தச் சின்ன விசயத்தால்தான்.

நான் 1988இல் பிறந்தவன். எனக்கு அறிவு தெரிஞ்ச காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் நெருப்பு விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையிற அளவுக்கு எண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு எரிச்ச காலத்தை இங்கே உள்ள பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மா படுக்கப் போகும்போது அந்த விளக்கை ஒரு மூலையில் எரிய விடுவா. கும்மிருட்டில் படுக்க அவவுக்கு ஏலாது.

2010இல் அவவும் நானும் லண்டனுக்கு வந்தம். அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. பிறகு நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னறையில் நாலு குமிழ் உள்ள லைற் ஒண்டும் அதுக்கு டிமர் சுவிச்சும் இருந்தன. அம்மா அந்த அறையில்தான் படுப்பா. பின்னேரம் முழு வெளிச்சம், இரவில் அதையே குறைச்சு விடியும்வரை எரிய விடுவா.

2016 மாரியில் மின்சாரக் கட்டணத்தைப் பார்த்து எனக்குத் தலை சுத்திச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தன். நீங்களும் போட்டுப் பாருங்கோ. நாலு பழைய குமிழ், ஒண்டு 40 வாற், மொத்தம் 160 வாற். பின்னேரம் ஐந்து மணித்தியாலம் எரிஞ்சால் வருசத்துக்கு 292 யூனிற். ஒரு யூனிற் 25 பென்ஸ் எண்டு வைச்சால் 73 பவுண். அதே வெளிச்சம் தருகிற எல்.ஈ.டி. குமிழ் ஒண்டு 5 வாற், நாலும் 20 வாற். வருசத்துக்கு முப்பத்தாறரை யூனிற், ஒன்பது பவுண் சொச்சம். ஒரு லைற்றில் மட்டும் 60 பவுணுக்கு மேல் மிச்சம்.

முதலில் மலிவாக் கிடைச்ச சுருள் குமிழை வாங்கிப் பூட்டினன். டிமரைக் குறைச்சவுடன் இரைஞ்சுது, மினுங்கிச்சுது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், டிமரில் போடக்கூடாது எண்டு எழுதியிருக்கு! பிறகு டிமருக்கு ஏற்றது எண்டு எழுதின எல்.ஈ.டி. வாங்கினன். முழு வெளிச்சத்தில் நல்லா எரிஞ்சுது. குறைச்சால் துடிச்சுது. "தம்பி, உந்த லைற் கண்ணைச் சிமிட்டுது" எண்டு அம்மா இரண்டு மூன்று தரம் சொன்னா. "பெட்டியில எழுதிக் கிடக்கு அம்மா, ஒண்டும் செய்யாது" எண்டு சொல்லிப்போட்டு நான் வேலைக்குப் போயிட்டன்.

ஒரு நாள் சாமம் அம்மா மலசலகூடத்துக்குப் போக எழும்பியிருக்கிறா. அறையின் நடுவில் போகேக்க லைற் தானாக நிண்டு போச்சு. இருட்டுக்குள் கால் தடுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிஞ்சுது. நான் விடிய வந்து பார்க்கும்வரை நிலத்தில்தான் இருந்தா. "ஜாம் போத்தல் விளக்கும் அணையும்தான், ஆனால் எண்ணெய் முடியப் போகுது எண்டு பார்த்தாலே தெரியும்" எண்டு அம்மா பிறகு சொன்னா. அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை.

ஏன் இப்படி நடந்தது? உயர்தரத்தில் பௌதிகம் எடுத்தவன் நான், ஆடலோட்டம் படிச்சவன். யோசிச்சிருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். டிமர் மின்சாரத்தைத் தண்ணீர்க் குழாய் மாதிரி இறுக்குவதில்லை. இங்கே மின்சாரம் ஒரு செக்கனுக்கு 50 சுற்று, அதாவது 100 அரைச்சுற்று. டிமர் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஒரு துண்டை வெட்டி விடுகிறது. பழைய குமிழின் இழை சூட்டில் சிவந்திருப்பதால் அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாது. எல்.ஈ.டி.க்குள் இருப்பது இலத்திரனியல் சுற்று. வெட்டின மின்சாரம் அதுக்கு ஒத்துவராவிட்டால் துடிக்கும், இரையும், நிண்டும் போகும்.

இன்னொண்டு. பழைய டிமர்களுக்குக் குறைந்த அளவுச் சுமை ஒண்டு வேணும். எலெக்றீசியன் வந்து எங்கள் சுவிச்சைக் கழற்றிக் காட்டினார். பின்பக்கத்தில் 60 முதல் 400 வாற் எண்டு இருந்தது. நான் பூட்டினதோ வெறும் 20 வாற். குமிழில் பிழையில்லை, சுவிச்சிலும் பிழையில்லை, சோடிதான் பிழை. அவர் எல்.ஈ.டி.க்கு உரிய டிமரைப் போட்டார். அது அரைச்சுற்றின் தொடக்கத்தை வெட்டாமல் முடிவை வெட்டும் வகை. ஆகக் குறைஞ்ச வெளிச்சத்தையும் துடிக்காத அளவில் நிறுத்தி வைச்சார். அன்றிலிருந்து சுகம்.

இதை ஏன் முதலே செய்யேல்லை எண்டு கேட்பீர்கள். வீட்டுக்காரரிடம் கேட்கப் பயம். முறைப்பாடு சொன்னால் வீட்டை விட்டு எழுப்பிப்போடுவார் எண்டு நினைச்சன். அகதியாக வந்தவனுக்கு வாய் திறக்கப் பயம் கூடுதல்தானே. அந்தப் பயத்தின் விலையை அம்மா கொடுத்தா.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இவைதான்:

1. குமிழ் வாங்கும்போது டிமருக்கு ஏற்றதா எண்டு பெட்டியில் பாருங்கோ. ஆங்கிலம் வாசிக்கக் கஷ்டமெண்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

2. குமிழ் மட்டும் ஏற்றதாக இருந்தால் போதாது. சுவிச்சும் அதுக்கு ஏற்றதாக இருக்கவேணும். துடித்தால், இரைஞ்சால், சுவிச் கொதித்தால் பாவிக்காதேங்கோ.

3. சுவிச்சை நீங்களே கழற்றாதேங்கோ. எலெக்றீசியனைக் கூப்பிடுங்கோ.

4. பழைய சுருள் குமிழுக்குள் கொஞ்சம் பாதரசம் இருக்கு. உடைஞ்சால் சன்னலைத் திறந்து விடுங்கோ, வக்குயூம் கிளீனரால் இழுக்காதேங்கோ. குப்பை வாளிக்குள் போடாமல் மீள்சுழற்சி இடத்தில் கொடுங்கோ.

5. வயதானவர்கள் இரவில் நடக்கிற வழிக்கு டிமரை நம்ப வேண்டாம். சுவர்ச் சொக்கற்றில் செருகுகிற 1 வாற் இரவு விளக்கு ஒண்டு போதும். ஒவ்வொரு இரவும் பத்து மணித்தியாலம் எரிஞ்சாலும், அதே 25 பென்ஸ் கணக்கில் வருசத்துக்கு ஒரு பவுண் கூட வராது.

6. வாடகைக்கு இருப்பவர்கள் கவனியுங்கோ. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனியார் வாடகை வீட்டின் மின்னிணைப்பைத் தகுதியுள்ளவரைக் கொண்டு குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒருதரம் பரிசோதிக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. அந்த அறிக்கையின் பிரதியை உங்களுக்குத் தரவேணும். கேளுங்கோ. கேட்பது பிச்சை அல்ல, உங்கள் உரிமை.

சிக்கனம் எங்களுக்குப் புதிசில்லை. ஒரு கரண்டி எண்ணெயில் இரவைக் கழிச்ச சனம் நாங்கள். ஆனால் மிச்சம் பிடிக்கிறதிலும் ஒரு கவனம் வேணும். அதைவிட, வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒரு குறை சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்கவேணும். அம்மாவின் கை இப்போது சுகம். ஆனாலும் மாரி வந்தால் அந்த மணிக்கட்டு உளையுது எண்டு சொல்லுறா. ஒவ்வொரு தரமும் எனக்குத்தான் அது நோகுது.

பிறக்கப்போகும் சித்திரைப் புத்தாண்டு உங்கள் வீடுகளில் நிலையான வெளிச்சத்தைத் தரட்டும்.