முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

(அம்பாங்கில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றிப் பேசும் மேடையில் இன்று கண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டும் வேறல்ல என்பது மரம் சீவுகிறவர்களுக்குத் தெரியும். உளி அளவுக்கு மேல் இறங்கினால் பட்டை காயப்படும். காயம் கூடினால், "கை கெட்டுவிட்டது" என்று ஏசுகிறார்கள். பல சமயம் கெட்டது கையல்ல, கண். எதிரே வருகிறவரின் தலைவிளக்கு கூசும். செக்ரோலில் கையெழுத்துப் போடக் கோட்டை விரலால் தேட வேண்டியிருக்கும். அவர் வெளியே சொல்லமாட்டார். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம்.

கண்புரை என்பது என்ன? கண்மணிக்குப் பின்னால் தெளிந்த வில்லை ஒன்று இருக்கிறது. வயதாக ஆக அது மங்குகிறது. பார்மிக் ஆசிட் ஊற்றிய ரப்பர் பால் உறைவதைப் பார்த்திருக்கிறீர்கள். உறைந்தது மறுபடி பாலாகுமா? ஆகாது. ஆகவே தேன் விட்டாலும், கடைச் சொட்டுமருந்து விட்டாலும் புரை கரையாது. மூக்குப் பக்கமிருந்து வெள்ளைவிழியில் வளரும் சதை வேறு; அதைப் புரை என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் காலத்தில் அது சரி. அன்று ஆபரேஷன் முடிந்தால் பல நாள் அசையாமல் படுக்க வேண்டும். பிறகு சோடாப்புட்டிக் கண்ணாடி. இன்று அப்படியில்லை. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச் செய்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை வழியே ஒலியலையால் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டுப் புது வில்லை வைக்கிறார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். முற்றவிட்டால்தான் தொல்லை: புரை கல்லாகி ஆபரேஷன் கடினமாகும், சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடும்.

இந்தச் செயற்கை வில்லையை 1949-இல் லண்டனில் முதன்முதல் வைத்தவர் ஹரால்ட் ரிட்லி. யுத்தத்தில் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லு கண்ணை உறுத்தாமல் இருந்ததைக் கவனித்து வந்த யோசனை அது. ஆனால் ஏழைக்கு அது எட்டவில்லை. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்று, 1976-இல் 11 படுக்கையுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கான கண்களைத் திறந்தார். 1992-இல் அங்கேயே வில்லை செய்யத் தொடங்கவும், விலை பல மடங்கு இறங்கியது. கூலிக்காரனுக்கும் நல்ல வில்லை கிடைக்கும் என்று காட்டியது நம் ஜனங்களின் ஊர்தான்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் வயது வந்தோர் நூற்றுக்கு 31 பேருக்குச் சர்க்கரை. அது புரையைச் சீக்கிரம் கொண்டுவரும். கண்ணின் உள்திரையையும் அரிக்கும். திரை கெட்டால் வில்லை மாற்றிப் பயன் குறைவு. புரைதான் என்று நாமே முடிவுகட்டாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி, கூலி. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சீட்டு இருந்தால் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்கு உட்பட்டவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்கு உட்பட்டவருக்கு 18, அதற்கு மேல் 22. இது தயவல்ல, உரிமை. ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் சொட்டுமருந்து விட வேண்டும்; கண்ணைக் கசக்கக் கூடாது, அழுக்குத் தண்ணீர் படக் கூடாது. வலியோ சிவப்போ கண்டால், பார்வை குறைந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று இருக்கக் கூடாது.

முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்குப் போகலாம். வில்லைக்குப் பணம் கேட்டு, கையில் இல்லையென்றால், ஆஸ்பத்திரியின் சமூக நலப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் அடையாளக் கார்டுடன் இந்த மேசைக்கு வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.